பீப் போட்டால் போதுமா?

கேள்வி: தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் விஸ்காம் துறை ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் கல்லூரியின் சமுதாய வானொலியையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாலை 6 மணிக்கு மாணவர்கள் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். சினிமா அல்லாத ராப், கானா பாட்டுகள் அதில் வரும். எங்கள் பழைய மாணவர் ஒருவர் எழுதிப் பாடிய ராப் பாட்டைப் போன வாரம் போட்டார்கள். வண்டியை நிறுத்திச் சாதி விசாரித்த ஒருவர்மீது வரும் கோபம்தான் பாட்டு. அதில் இரண்டு கெட்ட வார்த்தைகள் உண்டு. ஒன்று அம்மாவை இழுக்கிற வசவு, இன்னொன்று உடம்பைப் பற்றியது. இரண்டுக்கும் பீப் போட்டார்கள். அதே பாட்டில் அவர் தன் சாதிப் பெயரையும் சொல்கிறார், அதை அப்படியே விட்டுவிட்டார்கள். மறுநாள் கல்லூரிக்கு இரண்டு போன். "பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்கிற நேரத்தில் இது என்ன அசிங்கம்?" என்றார் ஒருவர். "சாதிப் பெயரை ரேடியோவில் சொல்லலாமா?" என்றார் மற்றவர். இனி சாதிப் பெயருக்கும் பீப் போடுங்கள், முடியாவிட்டால் ராப் பாட்டே வேண்டாம் என்கிறார் முதல்வர். பாடியவரோ, "என் பேருக்கு எதுக்கு மேடம் பீப்?" என்று கேட்கிறார். ஆப்பில் எல்லாம் வெட்டாமல்தானே இருக்கிறது என்கிறார்கள் மாணவர்கள். எதை மறைப்பது, எதை விடுவது?

பதில்: வணக்கம். பண்பலையில் பாட்டுகளைக் கேட்டுத் தேர்ந்தெடுத்து, வெட்டி ஒட்டி, திட்டும் வாங்கியவன் என்ற முறையில் முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சாதிப் பெயருக்கு பீப் வேண்டாம். அந்த இரண்டு வார்த்தைகளையும் மறைக்கத்தான் வேண்டும், ஆனால் பீப் போட்டு அல்ல. ராப் பாட்டை நிறுத்த ஒரு அவசியமும் இல்லை. நேரத்தை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். காரணங்களை இனிப் பேசலாம்.

உங்கள் மாணவர் கேட்டதுதான் இதில் பெரிய கேள்வி. பீப் என்பது வெறும் சத்தம் இல்லை, அது ஒரு தீர்ப்பு. இங்கே வாயால் சொல்லக்கூடாத ஒன்று இருந்தது என்று கேட்பவருக்கு அது சொல்கிறது. வசவு வார்த்தைக்கு அது பொருந்தும். ஒருவர் தன் சாதிப் பெயரைத் தானே சொல்லும் இடத்தில் அதே பீப் விழுந்தால், அவர் பிறப்பே ஒரு கெட்ட வார்த்தை என்றல்லவா ஆகிறது? கிரிக்கெட் வர்ணனையில் சர்மா, ஐயர் என்று நாள் முழுக்க ஓடுகிறது. எந்த நிலையமும் அங்கே பீப் போட்டதில்லை. சில சாதிப் பெயர்கள் மட்டும் காதில் விழுந்ததும் நமக்குக் கூச்சமாக இருக்கிறது என்றால், அந்தக் கூச்சத்தைத்தான் அவர் பாட்டில் பாடியிருக்கிறார். அவர் பெயரை மறைத்தால் பாட்டில் வரும் அந்த விசாரணைக்காரர் பக்கம் நாம் போய் நின்றதாக ஆகிவிடும்.

முதல்வருக்குச் சட்டப் பயம் இருக்கும், அது நியாயம்தான். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. அந்தச் சமூகங்களைச் சேராத ஒருவர், அந்தச் சமூகத்தவரைப் பலர் காணும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது அதன்படி குற்றம். தன்னைப் பற்றித் தானே பாடுகிறவர் அதற்குள் வரமாட்டார். சமுதாய வானொலி ஆகாசவாணியின் ஒலிபரப்பு நெறிமுறைக்குக் கட்டுப்பட்டது. மதங்களையோ சமூகங்களையோ தாக்கக்கூடாது, ஆபாசம் கூடாது, வன்முறையைத் தூண்டக்கூடாது என்று அது சொல்கிறது. 'நான் இன்னார், என்னை இப்படி நடத்தினார்கள்' என்று ஒருவர் சொல்வது எந்தச் சமூகத்தின் மீதும் தாக்குதல் அல்ல. 2018-ல் சென்னையில் மேடையேறிய, சாதிக்கு எதிராகப் பாடும் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் பாட்டுகளை நினைத்துப் பாருங்கள். சாதியைப் பற்றிய சொல் வரும் இடமெல்லாம் சத்தத்தை அணைத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது பறையும் கிட்டாரும்தான்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் மாணவர்களிடம் கறாராகச் சொல்லுங்கள். அதே சாதிச் சொல்லை இன்னொருவர் எதிராளியை நோக்கி வசவாக வீசினால் அந்தப் பாட்டு உங்கள் நிலையத்தில் வரவே கூடாது. பீப் போட்டும் கூடாது. வரி முழுக்க இளக்காரமாக இருக்கும்போது நடுவில் ஒரு சொல்லை எடுத்துவிட்டால் இளக்காரம் போய்விடாது. இன்னொரு வகை இதைவிட நைசானது. 'ஆண்ட பரம்பரை' பாட்டுகள் இருக்கின்றன அல்லவா, கோயில் கொடையிலும் கல்யாண மண்டபத்திலும் அலறுமே, அதில் கெட்ட வார்த்தை என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. அகராதியை வைத்துக்கொண்டு தேடினால் சுத்தமான பாட்டு என்றே சொல்வோம். பக்கத்துத் தெருக்காரரின் வயிற்றில் அது என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். கெட்ட வார்த்தைப் பட்டியல் போட்டு வேலை செய்கிற நிலையங்கள் இதைத்தான் கோட்டைவிடுகின்றன. உங்களுக்குப் போன் செய்த இரண்டாமவர் இந்தப் பாட்டுகளைக் கேட்டு எங்காவது புகார் செய்திருப்பாரா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சொல்லைப் பார்க்காமல் அதைச் சொல்கிறவரையும் அது போய் விழும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு கனடாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் 'மணி ஃபார் நத்திங்' 1985-ல் வந்த பாட்டு. வீட்டுச் சாமான் கடையில் பெட்டி தூக்கும் ஒரு ஆள், டிவியில் ஆடும் பாடகர்களைப் பார்த்துப் பொருமுவதுதான் பாட்டு. அந்தப் பொருமலில் தன்பாலின ஈர்ப்பாளர்களை இழிக்கும் ஒரு சொல் வருகிறது. கால் நூற்றாண்டு காலம் ரேடியோக்களில் ஓடிய பிறகு, நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரத்து நிலையம் ஒன்றில் அதைக் கேட்ட ஒருவர் புகார் கொடுத்தார். கனடிய ஒலிபரப்புத் தர மன்றம் 2011 ஜனவரியில், அந்தச் சொல்லோடு பாட்டைப் போடக்கூடாது என்றது. உடனே ஹாலிஃபாக்ஸிலும் எட்மன்டனிலும் இரண்டு நிலையங்கள் எதிர்ப்பாக அந்தப் பாட்டையே வெட்டாமல் ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பப் போட்டன. அரசின் ஒலிபரப்பு ஆணையம் மறுபடி பாருங்கள் என்று சொல்ல, அதே ஆண்டு மன்றம் இறங்கி வந்தது. அந்தச் சொல் பொதுவாக ஏற்கத்தக்கதல்ல, ஆனால் இந்தப் பாட்டில் அது ஒரு பாத்திரத்தின் பேச்சு, போடுவதா வெட்டுவதா என்பதை நிலையங்களே முடிவு செய்யட்டும் என்றது. முதல் தீர்ப்பைவிட இரண்டாவது எனக்குப் பிடிக்கும். ஒரு புகாரைப் புறந்தள்ளாமலும், அதையே நாடு முழுவதற்கும் விதியாக்காமலும் இருந்தது அது. அடுத்தவர் வாயில் வரும் சொல்லுக்கே இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். உங்கள் மாணவர் சொன்னதோ தன் பெயரை.

பிபிசியிலும் இது நடந்தது. 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' என்ற 1987-ஆம் வருடக் கிறிஸ்துமஸ் பாட்டில் இரண்டு வசவுச் சொற்களை 2007 டிசம்பரில் ரேடியோ 1 அணைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அன்றைக்கே பின்வாங்கியது. 2020-ல் ரேடியோ 1 மாற்று வரி உள்ள பதிவைப் போட்டது, ரேடியோ 2 பழையதையே போட்டது. ஒன்றுக்கு இளைஞர்கள், மற்றதற்கு அந்தப் பாட்டோடு வளர்ந்தவர்கள். நிறுவனம் ஒன்றுதான். கேட்பவர் யார் என்று பார்த்து முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான்.

சரி, அந்த இரண்டு வார்த்தைகளுக்கு வருவோம். இங்கே முதலில் போன் செய்தவர் பக்கம்தான் நான். மாணவர்களின் ஆப் வாதம் ரேடியோவுக்குப் பொருந்தாது. ஆப்பில் பாட்டின் பக்கத்தில், கெட்ட வார்த்தை உண்டு என்பதற்கு 'ஈ' (E) என்று ஒரு குறி போட்டிருக்கும், அதைப் பார்த்து, தட்டி, காதில் மாட்டிக்கொண்டு ஒருவர் கேட்கிறார். ரேடியோ டீக்கடையில் பாடும், பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகவும் வரும். யாரும் அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்ததில்லை. அப்புறம், அம்மாவை இழுக்கிற வசவை ஒரு விதத்தில் உடம்பைப் பற்றிய மற்ற வார்த்தையைவிட மோசமாகவே நினைக்கிறேன். உங்கள் மாணவரின் கோபம் நிஜம். ஆனால் வண்டியை நிறுத்திய ஆளின் அம்மா என்ன செய்தார்?

பீப் போட்டாகிவிட்டது, அப்புறம் என்ன அசிங்கம் என்று மாணவர்கள் கேட்பார்கள். 2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்திலிருந்து ஊர் மீண்டுகொண்டிருந்தபோது வெளியான அந்த 'பீப் பாட்டை'ச் சொல்லுங்கள். பெயரே பீப் பாட்டு. வார்த்தைமேல் பீப் இருந்தது, ஆனாலும் மாதர் அமைப்புகள் கொதித்தன, கோவையிலும் சென்னையிலும் வழக்குப் பதிவானது. பீப் அங்கே எதையும் மறைக்கவில்லை, விளக்குப் போட்டுக் காட்டியது. நாம் போடும் பீப் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுருதி. மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள் இருப்பது, பாட்டின் சுருதியோடு ஒட்டாதது. சமையலறையில் வேறு வேலையாக இருப்பவரும் திரும்பிப் பார்ப்பார். 'என்னப்பா வார்த்தை அது?' என்று பிள்ளை கேட்பது பீப் போட்ட பிறகுதான்.

தமிழில் இதற்கு மேல் ஒரு சிக்கல். நம் பாட்டுக்காரர்கள் எதுகை இல்லாமல் எழுதமாட்டார்கள், ராப் எழுதுகிறவர்கள் இன்னும் மோசம். முந்தின வரியில் ஒரு சொல் வந்து நின்றுவிட்டால் அடுத்த வரியில் அதே ஓசையில் வரப்போவது என்ன என்று ஆறாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். போதாததற்கு வார்த்தையின் வாலில் ஒட்டும் உருபு பீப்புக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். வார்த்தையை மட்டும் மறைத்துவிட்டு எதுகையை விட்டால் எதுகை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தமிழில் வெட்டுவது என்றால் அரை வரியாவது வெட்ட வேண்டும்.

எப்படி வெட்டுவது என்றால், முதல் வேலை அந்த மாணவரிடம் பாட்டின் பீட் ஃபைலை, அதாவது குரல் இல்லாத வெறும் இசையைக் கேட்டு வாங்குவது. ராப் பாடுகிறவர்களிடம் அது கட்டாயம் இருக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேரில், ஆடாசிட்டி போல இலவசமானதே போதும், பாட்டையும் பீட்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து நேரம் பொருத்துங்கள். வார்த்தை வரும் அரை வரிக்குப் பாட்டை அணைத்துவிட்டு பீட்டை மட்டும் ஓடவிடுங்கள். தாளம் அறுபடாததால் பாடகர் மூச்சுவிட்டார் என்றுதான் கேட்பவர் நினைப்பார். நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டு முக்கால் நொடிகூட இல்லை, நான்கு தட்டு சேர்ந்தால் இரண்டே முக்கால் நொடிக்குள். அந்த இரண்டே முக்கால் நொடி வெறும் தாளம் கேட்டு யாரும் போன் செய்யப் போவதில்லை. வெட்டு தட்டின் மேலேயே விழட்டும், இரண்டு முனையிலும் சில மில்லி நொடி ஃபேட் கொடுங்கள், அதாவது சத்தம் மெல்ல இறங்கி மெல்ல ஏறட்டும், இல்லையென்றால் 'டிக்' என்று கேட்கும். பீட் ஃபைல் கிடைக்கவில்லையா, பாட்டின் தொடக்கத்தில் குரல் வருவதற்கு முன் நான்கு தட்டு வெறும் இசை இருக்கும், அதை நகலெடுத்து ஒட்டலாம். குரலையும் இசையையும் பிரிக்கிற சாஃப்ட்வேர்கள் இப்போது நிறைய வந்துவிட்டன, ஆனால் பிரித்த பிறகு எதிரொலி மிச்சம் இருக்கும், ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

புதிதாக எடிட் செய்கிறவர்கள் எப்போதும் மறப்பது ஒன்று உண்டு. ராப் பாட்டில் முக்கியக் குரலுக்குப் பின்னால் அதே வார்த்தையை இன்னொரு தடவை கத்தி வைத்திருப்பார்கள். முன்குரலை அழகாக மறைத்துவிட்டு, அரைத் தட்டு தள்ளி வரும் அந்தப் பின்குரலை விட்டுவிட்டால் வார்த்தை தனியாக, முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும். எடிட் செய்தவரே கேட்டுச் சரிபார்க்கவும் கூடாது. அவர் காது அங்கே ஒன்றுமில்லை என்று ஏற்கெனவே நம்பிவிட்டது. பாட்டைக் கேட்டே இராத ஒருவரிடம் கொடுத்து, எங்கே வெட்டியிருக்கிறோம் சொல் என்று கேளுங்கள். கண்டுபிடிக்கவில்லையென்றால் வேலை நன்றாக நடந்திருக்கிறது.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த வழி, அந்த இரண்டு வரிகளையும் அவரையே ரேடியோவுக்காக மாற்றிப் பாடச் சொல்வது. கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். 1970-ல் 'கிங்க்ஸ்' என்ற ஆங்கில ராக் குழுவின் ரே டேவிஸ், தன் பாட்டு ஒன்றில் வந்த குளிர்பான கம்பெனிப் பெயர் விளம்பரமாகிவிடும் என்பதால் பிபிசி போடாது என்று தெரிந்து, அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவில் லண்டனுக்குப் பறந்து வந்து, 'கோக-கோலா'வை 'செர்ரி கோலா' என்று மாற்றிப் பாடிவிட்டுப் போனார். உங்கள் பழைய மாணவர் பஸ் ஏறி வந்தால் போதும். வசவு இல்லாமல் அதே கோபத்தைச் சொல்லும் ஒரு வரி எழுதுவது கஷ்டம், அதனாலேயே நல்ல பாட்டுக்காரருக்கு அது பிடிக்கும். நீங்களே வெட்டுவதானாலும் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தன் படைப்பைத் தன் பெயர் கெடும்படி சிதைப்பதை எதிர்க்கும் உரிமை காப்புரிமைச் சட்டம் 57-ஆவது பிரிவின்படி படைப்பாளிக்கு உண்டு.

சினிமாப் பாட்டானால் சென்சார் பார்த்திருப்பார்கள், கவலையில்லை என்று ஒரு நம்பிக்கை நிறைய நிலையங்களில் இருக்கிறது. தணிக்கைச் சான்றிதழ் தியேட்டரில் ஓடும் படத்துக்கு. ஆடியோவாக முன்கூட்டியே வெளியாகும் பாட்டுக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. படத்தில் அணைத்த சொல் ஆடியோவில் அப்படியே இருக்கலாம். ஆகவே சினிமாப் பாட்டையும் ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டுப் போடுங்கள். கானாவில் சரக்கையும் கஞ்சாவையும் கொண்டாடும் வரிகளையும் கவனியுங்கள். துப்பாக்கி, மது, போதை, ரவுடித்தனத்தைப் புகழும் பாட்டுகள் வேண்டாம் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022-ல் தனியார் பண்பலை நிலையங்களுக்கே அறிவுறுத்தியது. நீங்கள் இன்னும் சின்ன நிலையம், தப்பு செய்தால் அனுமதியை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் விதியில் இடம் இருக்கிறது.

நேரத்தைப் பற்றி. 1973-ல் நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. நிலையம் ஜார்ஜ் கார்லினின் நகைச்சுவைப் பேச்சு ஒன்றைப் போட்டது. ரேடியோவில் சொல்லக்கூடாத வார்த்தைகளைப் பற்றிய பேச்சு, வார்த்தைகள் அனைத்தும் அதில் வரும். பிற்பகல் 2 மணி. மகனோடு காரில் போன ஒரு அப்பா புகார் கொடுத்தார். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் அரசின் ஒலிபரப்பு ஆணையம் வென்றது. குழந்தைகள் கேட்கும் நேரம் என்பது அந்தத் தீர்ப்பில் பெரிய விஷயம். இன்றும் அங்கே இரவு 10 முதல் காலை 6 வரை ஒரு தளர்வு உண்டு. நம் நெறிமுறையில் அப்படி மணிக்கணக்கு இல்லை, ஆபாசம் நள்ளிரவிலும் ஆபாசம்தான். ஆனாலும் மாலை 6 மணி என்பது டீக்கடையும் வீட்டுப்பாடமும் ஒன்றாக நடக்கிற நேரம். சுத்தப்படுத்திய பாட்டாகவே இருந்தாலும், கோபமான ராப்புக்கு இரவு 9 மணி பொருத்தமாக இருக்கும். மாணவர்களும் அப்போதுதான் கேட்பார்கள்.

ராப்பே வேண்டாம் என்கிற உங்கள் முதல்வருக்கு பி.வி. கேஸ்கர் கதையைச் சொல்லுங்கள். 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான அவருக்கு சினிமாப் பாட்டுகள் தரக்குறைவாகத் தெரிந்தன, ஆகாசவாணியில் அவை இல்லாமலே போயின. ஜனங்கள் சாஸ்திரிய சங்கீதம் கேட்க உட்காரவில்லை, முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோனுக்குப் போனார்கள். கடைசியில் 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கி, அதே சினிமாப் பாட்டுகளைக் கொண்டுதான் அவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. உங்கள் மாணவர்களுக்கு முள்ளைத் திருப்பக்கூட வேண்டாம், கையில் போன் இருக்கிறது. அங்கே வெட்டாத பாட்டு, உங்களிடம் ஒன்றுமே இல்லை என்ற நிலைமை வரும்.

முதல்வருக்குத் தேவை ஒரு தைரியம், அது காகிதத்தில்தான் வரும். ஒவ்வொரு பாட்டையும் ஒலிபரப்புக்கு முன் இரண்டு பேர் முழுக்கக் கேட்டுக் கையெழுத்துப் போடட்டும், அதில் ஒருவர் மாணவராகவும் ஒருவர் வெளியாளாகவும் இருக்கட்டும். எதை ஏன் வெட்டினோம், எதை ஏன் வெட்டவில்லை என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். ஒலிபரப்பியதை மூன்று மாதம் பாதுகாத்து வைப்பது எப்படியும் உங்கள் கடமை. புகார் வரும்போது அந்த ஒலிப்பதிவும் இந்த இரண்டு வரியும் மேஜைமேல் இருந்தால் பேச்சு வேறு விதமாகப் போகும்.

போன் செய்த இருவரையும் நீங்களே திரும்பக் கூப்பிடுங்கள். முதலாமவரிடம், நீங்கள் சொன்னது சரி, மாற்றிவிட்டோம் என்று சொல்லிவிடலாம். இரண்டாமவரிடம் அப்படிச் சுலபமாக முடியாது. அடுத்த தடவை அந்தப் பாட்டைப் போடும்போது, பாடியவரே இரண்டு நிமிடம் பேசட்டும், அந்தப் பெயர் பாட்டில் ஏன் இருக்கிறது என்று. போன் செய்தவரையும் நிலையத்துக்கு வந்து தன் ஆட்சேபத்தைச் சொல்லும்படி கூப்பிட்டுப் பாருங்கள், வந்தாலும் வருவார். இருவரும் வாக்குவாதம் செய்தாலும் நல்லதுதான். ஆனால் அதை நேரலையில் வைக்காதீர்கள், பதிவு செய்து, கேட்டுவிட்டுப் போடுங்கள். சூடாகிவிட்டால் யார் வாயிலிருந்து எந்த வார்த்தை வரும் என்று சொல்ல முடியாது, அப்புறம் மறுபடியும் நீங்கள் எனக்கு எழுத வேண்டியிருக்கும்.